பரணும் மாடிப்படி அடியும்: ஆயிரம் ரூபாய்க்குள் காலி செய்து அடுக்குவது எப்படி

எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குக் கீழே அறை கட்டும் வழக்கம் இல்லை. அந்த வேலையை இரண்டு இடங்கள் செய்கின்றன. தலைக்கு மேலே பரண், மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்கோணப் பொந்து. எதை என்ன செய்வது என்று தெரியாதபோது கை தானாக இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகும். காட்பாடியில் எங்கள் வீடு கட்டி முப்பது வருடம் ஆகிறது. அந்த முப்பது வருடமும் பரணில் அப்படியே படிந்து கிடந்தது.

போன தை மாதம் நானும் என் மாமியாரும் சேர்ந்து, நான்கு நாள் காலை நேரத்தில் மட்டும் வேலை செய்து, இரண்டு இடத்தையும் காலி செய்து திரும்ப அடுக்கினோம். ஆன செலவு 840 ரூபாய். பழைய சாமான் விற்று வந்தது அதைவிட அதிகம்.

இதற்கு முன்னால் ஒரு முறை முயன்று பாதியில் விட்டேன். அப்போது செய்த தவறு, வேலையைக் கடையில் ஆரம்பித்தது. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஆறு வாங்கி வந்தேன். எங்கள் பரணின் வாய் 17 அங்குலம், பெட்டியின் உயரம் 18 அங்குலம். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கடைசியில் ஆறும் மாடிப்படி அடியில் போய் உட்கார்ந்து, அங்கே மிச்சம் இருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டன. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் இறக்கி, வேண்டியது எவ்வளவு என்று கண்ணால் பார்க்கும்வரை எந்தப் பெட்டியும் வாங்காதீர்கள், எந்த ரேக்கும் சொல்லி வைக்காதீர்கள்.

எப்போது செய்வது

வேலூர் வெயிலுக்கு நான் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கும் பரணுக்குள் தலையை விட்டால் அடுப்புக்குள் விட்ட மாதிரி இருக்கும், மயக்கமே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இறக்கிய சாமானைக் காயவைக்க முடியாது. தையும் மாசியும்தான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் காயவைக்கப் போதும், ஆளை வாட்டாது. காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் முடிக்கிறேன் என்று இறங்கினால், சாயங்காலம் களைத்துப்போய் எல்லாவற்றையும் எடுத்தது போலவே திரும்ப ஏற்றிவிடுவோம். நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்.

போகிக்கு முந்தின நாள் அவசரமாகச் செய்யும் பழக்கமும் வேண்டாம். அன்று "எல்லாத்தையும் கொளுத்திடலாம்" என்று தோன்றும். பிளாஸ்டிக், டயர், ரெக்சின், பழைய ஒயர் இவற்றைக் கொளுத்தினால் வரும் புகை முதலில் நம் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

ஏறுவதற்கு முன்னால்

பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறாதீர்கள், சமையல் மேடை மேல் கால் வைத்து எம்பாதீர்கள். ஏணி வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும். பரண் எட்டு அடி உயரம் என்றால் ஏணியின் அடி சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கட்டும். நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், போன் வந்தாலும் கையை எடுக்கக் கூடாது.

பரணின் மேல் ஏறி உட்காரவும் கூடாது. பல வீடுகளில் அது இரண்டரை, மூன்று அங்குலக் கனமுள்ள பலகைதான், சாமானுக்காகப் போட்டது. ஆள் எடைக்குப் போட்டதல்ல. ஏணியில் நின்று, கைக்கு எட்டுவதை எடுத்து, எட்டாததை ஒட்டடைக் கம்பின் கொக்கியால் இழுங்கள்.

கையில் தடிமனான கையுறை, மூக்குக்கு முகக்கவசம், முழுக்கைச் சட்டை. மலையும் பாறையும் சூழ்ந்த ஊர் நம்முடையது, தேளுக்குக் குறைவில்லை. பழைய செருப்பு, சாக்கு மூட்டை, செங்கல் அடுக்கு எதிலும் பார்க்காமல் கையை விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். தேள் கொட்டிவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல், குழந்தையாக இருந்தால் இன்னும் வேகமாக, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் உடனே துடைப்பத்தை எடுத்துப் பெருக்காதீர்கள், தூசியோடு சேர்ந்து மூக்கில் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, ஈரத் துணியால் வழித்து எடுங்கள். எலியின் சிறுநீர் பட்ட இடத்தில் வெறுங்கை, வெறுங்காலோடு புழங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். இன்னொன்று: பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

துடைக்கத் துணி வாங்க வேண்டாம். நைந்து போன குடியாத்தம் லுங்கியைவிட நல்ல தூசித் துணி கிடையாது.

இறக்குதல்

ஒரு நேரத்தில் ஒரு பரண் மட்டும். எல்லாப் பரணையும் ஒன்றாக இறக்கினால் நடக்கக்கூட இடம் இருக்காது, சமைக்கவும் முடியாது. வாசலிலோ மொட்டை மாடியிலோ பழைய புடவையை விரித்து, எல்லாம் அங்கே போகட்டும். பரண் முழுதாகக் காலியாக வேண்டும். "இது வேணும்னு தெரியும், இருக்கட்டும்" என்று ஒரு மூலையை விட்டால் அந்த மூலையில்தான் கரையான் இருக்கும்.

இறக்கியதை நான்காகப் பிரித்தோம். திரும்ப மேலே போக வேண்டியது. கீழேயே அன்றாடம் பயன்பட வேண்டியது. யாருக்காவது கொடுக்க வேண்டியது. விற்கவோ கழிக்கவோ வேண்டியது. ஐந்தாவதாக "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு குவியல் போட மனம் கேட்கும். போடாதீர்கள். பரணே அந்த ஐந்தாவது குவியல்தானே.

பிரிக்கும்போது பெயரெழுதிய அட்டைப்பெட்டி வசதியாக இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள், கேட்டால் பெட்டி கிடைக்கும். ஆனால் பிரிப்பதற்கு மட்டும்தான் அட்டைப்பெட்டி. அதிலேயே போட்டு மேலே ஏற்றினால் கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

யாருடைய பொருளோ, அவரைக் கேட்டுத்தான்

இந்த வேலையில் தூசியைவிடக் கடினமானது இதுதான். எங்கள் பரணில் முக்கால்வாசி என் மாமியாருடையது. அவர் ஊருக்குப் போயிருந்தபோது நான் தனியாகச் செய்திருந்தால் இரண்டு நாளில் முடித்திருப்பேன். ஆனால் அது என் பொருள் அல்ல. அவர் உட்கார ஒரு முக்காலி போட்டு, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன்.

முதல் நாள் "அத்தை, இது வேணுமா?" என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் "இருக்கட்டும்மா" என்றுதான் பதில். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். "இதைக் கடைசியா எப்போ எடுத்தீங்க அத்தை?" அவர் யோசித்தார். யோசித்தபின் அவரே, "இதை உங்க நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றார். அன்று மட்டும் பதினோரு பொருள் கீழே தங்கியது.

ஒரு பித்தளைத் தவலை வந்தது. கறுத்துப் போய், உள்ளே காய்ந்த வேப்பிலைச் சருகோடு. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. புளியைத் தடவித் தேய்த்ததும் அவருடைய அம்மாவின் பெயரும், ஒரு ஊர்ப் பெயரும், 1974 என்ற வருடமும் தெரிந்தன. மாமியார் கட்டை விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அதன்பின் அதை எந்தக் குவியலில் போடுவது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கூடத்தில் அரிசி போட்டு வைத்திருக்கிறோம். பெயர் வெட்டிய பாத்திரம் கிடைத்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை தேய்த்துப் படித்துப் பாருங்கள். சமையலுக்கு எடுப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசிய பிறகுதான். அந்தப் பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு இருபத்துநாலு இருந்தது. எட்டை வைத்துக்கொண்டு மற்றதை உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தோம். உடைந்து போன பொருளுக்கு நான் வைத்த கணக்கு: இந்த மாதமே ரிப்பேருக்குக் கொடுப்போமா? இல்லையென்றால் அது விற்பனைக் குவியல்.

காகிதத்தைக் கண்மூடித்தனமாகப் போடாதீர்கள்

பழைய பேப்பர் மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டு மூட்டையில் வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே, பச்சை முத்திரைத்தாளில் எழுதி ஓரத்தில் நூலால் தைத்த ஒரு பத்திரம் இருந்தது. முதல் பக்கத்தில் "வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா". மாமனாரின் அப்பா வாங்கிய மனையின் மூலப்பத்திரம். வீட்டில் எல்லோரும் அது தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள்.

பழைய ஜில்லாப் பெயர் இருக்கிறதே, இனி இது செல்லாது என்று யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பாதி திருவண்ணாமலைப் பக்கம் போனது. நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகிப் பிறகு வேலூர் ஆனது. 2019-ல் அதிலிருந்தும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. ஆகவே ஒரே மனைக்கு ஒரே வீட்டில் மூன்று நான்கு மாவட்டப் பெயரில் காகிதம் இருக்கலாம். எல்லாமே ஒரே சங்கிலியின் கண்ணிகள், ஒன்றையும் விடாதீர்கள்.

தனியாக எடுத்து வைக்க வேண்டியவை: பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வங்கிக் கடன் முடித்த சான்று, மதிப்பெண் பட்டியல், பிறப்பு இறப்புச் சான்று, இன்சூரன்ஸ் பாண்டு, பென்ஷன் காகிதம். இவை பரணுக்குத் திரும்பப் போகவே கூடாது. பீரோவில் துணிப்பையில் இருக்கட்டும். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையையும் கையெழுத்தையும் பிறகு சோதிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

விற்பது

ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதே போதும். ஒட்டினால் அநேகமாக இரும்பு. பித்தளை, செம்பு, அலுமினியம் ஒட்டாது. பித்தளை என்று நினைத்த குத்துவிளக்கு ஒட்டினால் அது மேலே முலாம் மட்டும் பூசியது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு, பேப்பர் என்று விலை படிப்படியாக இறங்கும். ஒவ்வொன்றும் தனிச் சாக்கில் இருக்கட்டும். விலை நாளுக்கு நாள் மாறுவதால் காயலான் கடை இரண்டில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

எடைக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, "அண்ணா, முதல்ல இதை வைங்க" என்று சொல்லுங்கள். இரண்டு கிலோவும் பாட்டில் எடையும்தான் காட்ட வேண்டும். ஒரு முறை ஒருவர் தூக்குத் தராசில் போட்டு எங்களிடம் அரைக்கு அரையாகக் குறைத்து எடுத்துப் போனார். அதன்பின் கற்றுக்கொண்டது இது. நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நல்ல நிலையில் உள்ள பித்தளையை எடைக்குப் போடுவதைவிட, வேலூர் லாங்கு பஜார் பக்கம் பாத்திரக் கடையில் கொடுத்துப் புதுப் பாத்திரமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விற்கக் கூடாததும் உண்டு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள், புதிது வாங்கும்போது கழித்துக்கொள்வார்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருப்பதால் வீட்டில் உடைக்கவே கூடாது. சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட்டுக்குள் பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல் அட்டையால் வழித்து மூடி கட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு கிடந்தால் உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாகத் தூக்கி வையுங்கள்.

காலியான இடத்தில் செய்ய வேண்டியது

கரையான் வரி இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு ஒரு வாரம் விடுங்கள். திரும்ப மண் ஏறியிருந்தால் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது, மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். ஏறவில்லை என்றால் சுண்ணாம்பு அடித்தாலே போதும். சுண்ணாம்பைக் குழைக்கும்போதும் அடிக்கும்போதும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி அடி

இங்கே இரண்டு பகை: ஈரமும் கரண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே. அதன்பின் எங்கள் வீட்டில் தரையில் எதுவும் நேராக வைப்பதில்லை. கடப்பா கல் கடையில் ஓரத்தில் கிடக்கும் வெட்டுத் துண்டு 200 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் செங்கல் நான்கு அடுக்கி, மேலே கல்லைப் போட்டால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அலமாரி ரெடி. கரையானும் தின்னாது, துருவும் பிடிக்காது.

பொந்தின் தாழ்ந்த மூலையில் போனது போனதுதான், குனிந்தாலும் எட்டாது. பழைய கதவுப் பலகை ஒன்றில் நான்கு சிறிய சக்கரம் வைத்து முடுக்கி, முன்னால் கயிறு கட்டினோம். சக்கரம் 200 ரூபாய். கயிற்றை இழுத்தால் மூலையில் உள்ளது எல்லாம் வெளியே வந்துவிடும். முழு வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

மோட்டார் ஸ்டார்ட்டரோ இன்வெர்ட்டரோ அங்கே இருந்தால் அதைச் சுற்றி மூன்று அடி வெறுமனே விடுங்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல் பாட்டில் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும், காற்றுப் போக வழி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி, பழைய வாளியையும் அன்றே எடுத்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிட ஒரு கை தண்ணீர் தேங்கினாலே போதும்.

திரும்ப ஏற்றுதல்

இப்போதுதான் டப்பா. முதலில் வீட்டில் இருப்பதைத் தேடுங்கள்: மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், 15 கிலோ எண்ணெய் டின், 25 கிலோ அரிசிப் பை. பரண் வாயின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, அதற்குள் அடங்குவதை மட்டும் எடுங்கள். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்காமல் ஒற்றை வரிசையாக வையுங்கள். பின் வரிசை என்று ஒன்று இருந்தால் அது மறந்து போகும். கனமானது சுவரை ஒட்டி, லேசானது விளிம்பில். ஆட்டுக்கல்லும் அம்மியும் எந்தக் காலத்திலும் பரணுக்குப் போகக் கூடாது.

கொலு பொம்மையைப் பேப்பரில் சுற்றினால் மை ஒட்டும், பிளாஸ்டிக்கில் சுற்றினால் வியர்க்கும். பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றி, எந்தப் படியில் வைப்பது என்று பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். ஆரணிப் பட்டுகள் பரணில் இருக்க வேண்டாம், அங்கே இருக்கும் சூட்டில் ஜரிகை போய்விடும். பீரோவில் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பு மாற்றி வையுங்கள். தோல் பை, ஷூவைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டை கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆகாது. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணி முடிச்சில் போட்டு வைத்தோம்.

பரணுக்குக் கதவு போட வேண்டாம், அதில்தான் பணம் போகும். பழைய நூல் புடவையைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாலே தூசி அடங்கும்.

எங்கள் 840 ரூபாய் இப்படிப் போனது: முகக்கவசம், கையுறை 120, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் 150, சுண்ணாம்பு 70, கடப்பா கல் 200, சக்கரம் 200, மார்க்கர், வெள்ளை டேப் 100.

கடைசி வேலை, ஒரு காகிதம். ஒவ்வொரு பெட்டியிலும் எண். எந்த எண்ணில் என்ன இருக்கிறது, எந்தப் பரண் என்று ஒரு முழுத்தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். எங்கள் தாளில் முப்பத்தொரு வரி. ஏதாவது ஏற்றினால் எழுத வேண்டும், இறக்கினால் அடிக்க வேண்டும். போன வாரம் ஏழாவது வரி அடிபட்டிருந்தது. பக்கத்தில் மாமியாரின் கையெழுத்தில், "இட்லி குண்டான், சின்னவளுக்குக் கொடுத்தாச்சு."